ஓடாதிருக்கவும் பழக வேண்டும்

மரதன் ஓட்டத்திற்கு முந்திய மூன்று வாரங்கள் பற்றிச் சில செய்திகள்

கோடை விடுமுறை முடிந்து பாடசாலைகள் மீண்டும் திறந்துவிட்டன. மாலை ஏழு மணிக்கும் வெயில் இருக்கின்றது. ஆயினும் அதில் யூலை மாதத்துச் சூடு இல்லை. இந்நாட்களில் ரொம்மன் நிலையத்தில் இறங்கி வீடு நோக்கி நடக்கும் எவரும் ஒரு காட்சியைக் காணத் தவறுவதில்லை. மைதானத்தின் ஓரமாகவும், ஸ்தொவ்னர் பக்கமாக ஏறிச்செல்லும் பாதையிலும், ஆல்னா ஆற்றங்கரையிலும் எம்மவர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றார்கள். ஆண்கள் மட்டுமல்லர், நாற்பது வயதைக் கடந்த தாய்மாரும் ஓடுகின்றார்கள். நாம் இந்நாட்டிற்கு வந்த காலத்தில் இப்படியொரு காட்சியைக் கண்டதில்லை. அன்று ஓடினோமெனில் ரயிலைப் பிடிப்பதற்கு ஓடினோம். அல்லது ஒரு வேலை முடிந்து மறுவேலைக்கு ஓடினோம்.

செப்ரெம்பர் மாதத்தில் ஒஸ்லோ மரதன் நடைபெறுகின்றது. நகரசபை மண்டபத்தின் முன்றிலில் தொடங்கும் அவ்வோட்டத்தில் பலர் பத்துக் கிலோமீற்றர் ஓடுவர். சிலர் அரை மரதன் ஓடுவர். ஒரு சிலரே 42 கிலோமீற்றரும் 195 மீற்றரும் கொண்ட முழுத் தூரத்திற்கும் பெயர் பதிவு செய்வர். அந்த ஒரு சிலருக்காகவும், அவர்களிலும் முக்கியமாக அவர்களுடைய வீட்டாருக்காகவும் இக்கட்டுரையை எழுதுகின்றோம். விளையாட்டு வீரராக நாம் எக்காலத்திலும் இருந்ததில்லை. ஆசிரியத் தொழிலில் இருந்தபோது இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்குப் பொறுப்பாக இருந்திருக்கின்றோம். அப்போது செய்த ஒரு தவறும் இக்கட்டுரைக்கு ஒரு காரணம். அதனைப் பின்னர் கூறுகின்றோம்.

எமது குடியிருப்பில் வாழும் சகோதரி ஒருவர் சென்ற ஆண்டு முழு மரதன் ஓடப் புறப்பட்டு 32ஆவது கிலோமீற்றரில் நின்றுவிட்டார். நெஞ்சுவலியோ கால்முறிவோ அன்று. கால்கள் மேலும் அசைய மறுத்தன. பாதையோரத்தில் அமர்ந்து அழுதார் என்று அவருடைய கணவர் கூறினார். அவர் முதியோர் இல்லமொன்றில் பணிபுரிபவர். மூன்று பிள்ளைகளின் தாய். சனவரிக் குளிரிலும் பனியில் ஆணிச்சப்பாத்து அணிந்து ஓடியவர். எட்டு மாத உழைப்பு ஒரு மணி நேரத்தில் பாழானது ஏன் என்பது அவருக்கும் விளங்கவில்லை, எமக்கும் விளங்கவில்லை.

சில வாரங்கள் கழித்துத் தமது கொப்பியைக் கொண்டுவந்து எம்மிடம் தந்தார். ஓடிய தூரம், எடுத்த நேரம், உடல்நிலை ஆகியவற்றை நாள்தோறும் அதில் குறித்திருந்தார். பழைய பழக்கத்தினால் நாமும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு திருத்த அமர்ந்தோம். சனவரி முதல் ஓகஸ்ட் நடுப்பகுதி வரை ஒரு பிழையும் காணக் கிடைக்கவில்லை. தூரம் சிறிது சிறிதாக ஏறுகின்றது. மூன்று வாரம் ஏறினால் ஒரு வாரம் இறங்குகின்றது. சிறந்த மாணவியின் கொப்பி. இறுதி மூன்று வாரங்களில்தான் அனைத்தும் தலைகீழாகின்றது. போட்டிக்கு மூன்று வாரம் முன்னர் 32 கிலோமீற்றர். அது சரியே. இரண்டு வாரம் முன்னர் மறுபடியும் 30. அதே வார இறுதியில் உறவினர் வீட்டில் சாமத்திய வீடு. இரண்டு நாள் அடுப்படியில் நின்று இருநூறு பேருக்குச் சமையல். ஒரு வாரம் முன்னர் 28 கிலோமீற்றர். அதுவும் ஆவணி ஞாயிறு விரதத்தோடு, வெறும் வயிற்றில். இடையே சுகவீனமுற்ற சக பணியாளருக்காக இரண்டு இரவு வேலை. போட்டிக்கு இரண்டு நாள் முன்னர் எழுதிய வரி இது: "இன்னும் போதாது போலக் கிடக்கு."

அந்த ஒரு வரியில் எம்மவர்களின் முப்பது ஆண்டுக்கால மனநிலை அடங்கியிருக்கின்றது என்று எமக்குத் தோன்றியது.

இறங்குவதும் உச்சம் ஏறுவதும்

நெடுந்தூர ஓட்டக்காரர் போட்டிக்கு முந்திய இரண்டு அல்லது மூன்று வாரங்களில் பயிற்சியைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்வர். இதனைத் தமிழில் பயிற்சித் தணிப்பு எனலாம். நோர்வேஜிய மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று 'நெட்ராப்பிங்'. 'ட்ராப்' என்றால் மாடிப்படி. ஆகவே படியிறங்குதல் என்பது பொருள். மற்றையது 'ஃபோர்ம்டொப்பிங்', உடலின் ஆற்றலை உச்சிக்குக் கொண்டுசெல்லுதல் என்பது பொருள். ஒரே செயலை ஒரு சொல் இறங்குதல் என்கின்றது, மற்றச் சொல் ஏறுதல் என்கின்றது. இரண்டும் உண்மையே. பயிற்சி இறங்கும்போது ஆற்றல் ஏறுகின்றது.

இது எவ்வாறு நிகழ்கின்றது? கடுமையான பயிற்சி உடலை வலுவாக்குவதற்கு முன்னர் அதனைச் சிதைக்கின்றது. தசைநார்களில் நுண்ணிய சேதங்கள் ஏற்படுகின்றன. சேமிப்பில் உள்ள எரிபொருள் குறைகின்றது. நோய் எதிர்ப்புச் சக்தியும் தளர்கின்றது. அதன் பின்னர் கிடைக்கும் ஓய்வில்தான் உடல் அச்சேதத்தைச் செப்பனிட்டு, முன்னையிலும் சற்றுக் கூடுதலாகத் தன்னைக் கட்டிக்கொள்கின்றது. இதற்குப் பல நாட்கள் வேண்டும். ஆகவேதான் போட்டிக்கு முந்திய பத்து நாட்களில் செய்யும் கடும் பயிற்சியின் பலன் போட்டியன்று கையில் கிடைப்பதில்லை. அதன் களைப்பு மட்டும் கிடைக்கின்றது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு முழுவதும் விழித்துப் படிக்கும் பிள்ளையின் நிலை இதுவே.

எவ்வளவு குறைப்பது என்பதற்கும் விடை உண்டு. லோரன் பொஸ்கே என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் ஓட்டம், நீச்சல், சைக்கிளோட்டம் ஆகிய துறைகளில் நடந்த 27 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ இரண்டு வாரம் தணிப்பதும், அக்காலத்தில் பயிற்சியின் மொத்த அளவை 41 முதல் 60 வீதம் வரை குறைப்பதும், வேகத்தையும் வாரத்தில் ஓடும் நாட்களின் எண்ணிக்கையையும் குறைக்காதிருப்பதும் மிகுந்த பலன் தருவதாக அவர்கள் கண்டனர். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. குறைக்க வேண்டியது தூரத்தையே அன்றி வேகத்தை அன்று. முற்றாகப் படுத்துவிடுவதும் தவறு. அப்போது கால்கள் ஓட்டத்தை மறந்துவிடும், மனமும் சோர்ந்துவிடும்.

எமது சகோதரி வாரத்திற்கு 60 கிலோமீற்றர் வரை ஓடியவர். அவருக்கு நாம் அவருடைய கொப்பியிலேயே எழுதிக்கொடுத்த கணக்கு இது. மூன்று வாரம் இருக்கையில் 48 கிலோமீற்றர். இரண்டு வாரம் இருக்கையில் 36. போட்டி வாரத்தில், போட்டியைத் தவிர்த்து, 20க்கு மேற்படாமல். இறுதியான நீண்ட ஓட்டம் போட்டிக்கு மூன்று வாரத்திற்கு முன்னர். அடுத்த ஞாயிறு 20 கிலோமீற்றர். அதற்கடுத்த ஞாயிறு 12. வாரத்தில் ஒரு நாள் மாத்திரம் சில கிலோமீற்றரைப் போட்டியன்று ஓடவிருக்கும் வேகத்தில் ஓட வேண்டும். "இவ்வளவுதானா, சேர்?" என்று கேட்டார். இவ்வளவுதான்.

சோற்றின் கதை

முப்பதாவது கிலோமீற்றருக்கு அப்பால் கால்கள் மறுப்பதை இந்நாட்டவர் 'சுவரைச் சந்தித்தல்' என்பர். வேலைப்பளுவினால் உடலும் மனமும் முறிந்து படுக்கையில் விழுவோரைப் பற்றியும் அதே சொற்றொடரைத்தான் பயன்படுத்துகின்றார்கள் என்பதை வாசகர்கள் அறிவீர்கள். எம்மில் எத்தனை பேருடைய மருத்துவச் சான்றிதழின் பின்னால் அந்தச் சுவர் நிற்கின்றது!

ஓட்டக்காரரின் சுவருக்குக் காரணம் தெளிவானது. நாம் உண்ணும் மாச்சத்து, கிளைக்கோஜன் என்னும் வடிவில் தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்படுகின்றது. சாதாரணமாக அது மொத்தம் அரைக் கிலோ அளவில் இருக்கும். ஏறத்தாழ 2000 கலோரி. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் மரதன் தூரத்தை ஓடி முடிக்க ஏறத்தாழ 2500 கலோரி செலவாகும். கொழுப்பிலிருந்தும் ஒரு பகுதி சக்தி கிடைப்பினும், களஞ்சியம் நிரம்பாமற் புறப்படுபவருக்கு வழியில் அது வெறுமையாகிவிடும். சென்ற ஆண்டு எமது சகோதரி அரைக் களஞ்சியத்தோடு புறப்பட்டார். விரதமும், 28 கிலோமீற்றரும், இரவு வேலையும் அதனைச் சுரண்டி எடுத்திருந்தன.

இக்களஞ்சியத்தின் இரகசியத்தைக் கண்டறிந்தவர்கள் எமது அயல்நாடான சுவீடனைச் சேர்ந்த இரு மருத்துவர்கள். யோனாஸ் பேர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்னும் அவ்விருவரும் 1966இல் தம்மையே பரிசோதனைப் பொருளாக்கினர். ஒரே பயிற்சிச் சைக்கிளின் இரு புறமும் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒற்றைக் காலால் மிதித்தனர். மிதித்த கால் களைத்தது. மற்றக் கால் ஓய்ந்திருந்தது. பின்னர் மூன்று நாட்கள் மாச்சத்து மிகுந்த உணவை உண்டு, ஊசிமூலம் இரு கால்களிலிருந்தும் சிறு தசைத்துண்டுகளை எடுத்துப் பார்த்தனர். உழைத்த காலில் கிளைக்கோஜன் ஓய்ந்திருந்த காலிலும் இரு மடங்கு அளவில் சேர்ந்திருந்தது. உழைத்த தசை, ஓய்வும் உணவும் கிடைத்தால், இழந்ததற்கு மேலாகச் சேமிக்கின்றது என்பது இவ்வாறு உலகிற்குத் தெரிந்தது. அதன் பின்னர் பல ஆண்டுகள் ஓட்டக்காரர் போட்டி வாரத்தில் முதலில் மாச்சத்தை அறவே ஒழித்து, பின்னர் அளவின்றி உண்டு தம்மை வருத்திக்கொண்டனர். அவ்வருத்தம் தேவையில்லை, பயிற்சியைக் குறைத்து இறுதி நாட்களில் மாச்சத்தைக் கூட்டினாலே போதும் என்பதை 1981இல் அமெரிக்காவில் ஷேர்மன், கொஸ்ரில் முதலியோர் காட்டினர்.

சோறு உண்டு வளர்ந்த எமக்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன வேண்டும்? ஆயினும் கணக்கைப் பாருங்கள். இறுதி இரண்டு நாட்களில் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 8 முதல் 10 கிராம் மாச்சத்து வேண்டும் என்பர். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 480 முதல் 600 கிராம். நூறு கிராம் சோற்றில் 28 கிராம் அளவே மாச்சத்து உண்டு. சோற்றினால் மட்டும் ஈடுசெய்வதாயின் நாளுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ உண்ண வேண்டும். அது ஓட்டத்திற்கு அன்றி உறக்கத்திற்கே உதவும். ஆகவே பாண், இடியப்பம், உருளைக்கிழங்கு, வாழைப்பழம், பழரசம் எனப் பலவாகப் பிரித்துக்கொள்வது நன்று. அந்த இரண்டு நாளும் குத்தரிசியை விடுத்து வெள்ளை அரிசி, பருப்பும் கீரையும் கடலையும் வேண்டாம், உறைப்பும் குறைவாக. போட்டி நடுவே வயிறு கலங்கினால் எட்டு மாத உழைப்பையும் ஒரு கழிப்பறை வாசலில் காத்திருந்து தொலைக்க நேரிடும். தராசில் ஒன்றிரண்டு கிலோ கூடியதென்று அஞ்சவும் வேண்டாம். ஒரு கிராம் கிளைக்கோஜன் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கும். கூடியது அந்த நீரே.

ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். நீரிழிவு நோய் எம்மவரிடையே மிகுதி. பலர் ஓடத் தொடங்கியதே மருத்துவர் எச்சரித்த பின்னர்தான். எமக்கு அடுத்த நிலையமான ரொம்சோஸில் 2000ஆம் ஆண்டு தொடங்கி மூன்று ஆண்டுகள் குடியிருப்பாளரை நடக்கவும் இயங்கவும் வைத்து ஆராய்ந்த திட்டம் பலருக்கு நினைவிருக்கலாம். அது எழுந்ததும் இவ்வகை நோய்கள் பற்றிய கவலையினாலேயே. ஆகவே மருந்து எடுப்போர் மேலே கூறிய உணவு முறையைத் தமது மருத்துவரைக் கேளாமல் கைக்கொள்ளலாகாது.

ஓய்வினால் வென்றவர்கள்

பிஸ்லெட் மைதானத்தின் முன்னால் ஒரு பெண்ணின் சிலை உண்டு. எமது பிள்ளைகள் பலர் அதனைக் கடந்து சென்றிருப்பர். அவர் கிரேத்த வைட்ஸ். 1953இல் ஒஸ்லோவில் பிறந்தவர். எம்மைப் போன்று பாடசாலை ஆசிரியர். விடிகாலையில் ஓடிவிட்டு வகுப்பறைக்குச் செல்வார். 1978 ஒக்ரோபரில் நியூயோர்க் மரதனுக்குச் சென்றபோது அவர் அதற்கு முன் 20 கிலோமீற்றர் அளவுக்கு மேல் ஓடியதே இல்லை. முதல் நாள் இரவு இறாலும் இறைச்சியும் வைனுமாக விருந்துண்டதைப் பின்னாளில் அவரே சிரிப்புடன் கூறியிருக்கின்றார். மைல் கணக்கில் நாட்டியிருந்த பலகைகள் விளங்காமல், இன்னும் எவ்வளவு தூரம் என்பதை அறியாமலே ஓடி, 2 மணி 32 நிமிடம் 30 செக்கனில் வென்றார். அன்றைய உலகச் சாதனையை இரண்டு நிமிடங்களுக்கு மேல் முறியடித்திருந்தார். இறுதிக் கோட்டைத் தாண்டியதும் கணவர் மீது சப்பாத்தைக் கழற்றி எறிந்து, இனி ஒருபோதும் ஓடமாட்டேன் என்றாராம். அதன் பின்னர் அதே மரதனை மேலும் எட்டுத் தடவை வென்றார். இதனைப் பயிற்சித் தணிப்பின் வெற்றி என்று கூறினால் பொய்யாகும். களத்திலும் காட்டுவழி ஓட்டத்திலும் அவர் பெற்றிருந்த வேகமே அன்று அவரைக் காப்பாற்றியது. ஆனால் நீண்ட தூரம் ஓடியோடித் தேய்ந்துபோகாத கால்கள் என்ன செய்யும் என்பதையும் அன்று உலகம் கண்டது.

தணிப்புக்குச் சரியான உதாரணம் அவரைத் தோற்கடித்தவரிடம் உண்டு. 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பெண்களுக்கான மரதன் முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அதற்கான அமெரிக்கத் தெரிவுப் போட்டி மே 12ஆம் திகதி. அதற்குச் சரியாகப் பதினேழு நாட்களுக்கு முன்னர் யோன் பெனொயிற் என்னும் வீராங்கனைக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. பயிற்சியின் உச்சத்தில் இருக்க வேண்டிய நாட்களில் ஓட முடியாமல் கிடந்தார். தெரிவுப் போட்டியில் அவரே முதலிடம். ஓகஸ்டில் ஒலிம்பிக்கிலும் 2 மணி 24 நிமிடம் 52 செக்கனில் அவருக்கே தங்கம். கிரேத்த வைட்ஸ் இரண்டாவது. மற்றொரு நோர்வே வீராங்கனையான இங்கிரிட் கிறிஸ்தியான்சன் நான்காவது.

இதற்கும் முன்னர் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டொபெக் இருந்தார். பயிற்சியில் அவரைப் போல் உடலை வருத்தியவர் அரிது. 1950இல் பிரசெல்ஸ் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டிக்கு முன்னர் உணவு நஞ்சாகி மருத்துவமனையில் கிடந்தார். எழுந்து வந்து 5000 மீற்றர், 10,000 மீற்றர் இரண்டையும் பெரும் இடைவெளியில் வென்றார். கட்டாயத்தினால் கிடைத்த அந்த ஓய்வே உதவியது என்று பயிற்றுநர்கள் பின்னர் ஆராய்ந்து கூறினர். இரண்டு ஆண்டு கழித்து ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவ்விரண்டு ஓட்டங்களோடு, தம் வாழ்நாளில் முதன்முறையாக ஓடிய மரதனிலும் தங்கம் பெற்றார். அதே ஒலிம்பிக்கில் யாழ் மத்திய கல்லூரியில் பயின்ற எமது நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்ந்தார் என்பதும், 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் அவர் தங்கம் வென்றார் என்பதும் எமது பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டியவை.

சாட்டொபெக் நோயுற்று வென்றார் என்பதற்காக எவரும் நோயை வரவழைக்க வேண்டியதில்லை. நோய் வந்து நிறுத்தும் முன்னர் தாமாக நிற்கத் தெரிந்தால் போதும். எமது ஊரில் சவாரி மாடு வளர்த்த முதியவர் ஒருவர் இருந்தார். சவாரிக்கு முந்திய கிழமை மாட்டை வண்டியிற் பூட்ட விடமாட்டார். காலையில் வயல் வரம்பில் சிறிது நடத்துவார், குளத்தில் குளிப்பாட்டுவார், பிண்ணாக்கும் உளுந்தும் வைப்பார். எவரும் அவருக்கு ஆய்வுக்கட்டுரை வாசித்துக் காட்டியதில்லை.

நாம் செய்த தவறு

அம்முதியவரைத் தினமும் கடந்துதான் பாடசாலைக்குச் சென்றோம். இருந்தும் கற்றுக்கொள்ளவில்லை. எண்பதுகளின் இறுதியில், ஆசிரியத் தொழிலின் தொடக்க ஆண்டில், ஓர் இல்லத்திற்கு நாம் பொறுப்பாசிரியராக இருந்தோம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் நடைபெறும் மரதன் ஓட்டத்திற்கு எமது இல்லத்தில் ஒரு மாணவன் இருந்தான். மெலிந்த பையன், பத்தாம் வகுப்பு, தோட்ட வேலை செய்துவிட்டுப் பாடசாலைக்கு வருபவன். முதலிடம் அவனுக்கே என்று எல்லோரும் நம்பினர். நாம் அந்நம்பிக்கையோடு நின்றிருக்கலாம். போட்டி வாரத்தில் ஒவ்வொரு காலையும் முழுப் பாதையையும் அவனை ஓடச் செய்து, சைக்கிளில் பின்தொடர்ந்து நேரம் குறித்தோம். முதல் நாள் காலையும் மாலையும் ஓடச் செய்தோம். அவன் மறுத்து ஒரு சொல்லும் கூறவில்லை. ஆசிரியர் சொன்னால் மாணவன் கேட்டு நடந்த காலம் அது.

மறுநாள் கோயில் வீதித் திருப்பம் வரை முன்னால் வந்தான். பின்னர் ஒவ்வொருவராக அவனைக் கடந்தனர். அரை மணி நேரம் கழித்து, நொண்டியபடி மைதானத்திற்குள் நுழைந்தான். "கால் வரேல்லை, சேர்" என்றான். நாம் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. இல்லத்துப் பிள்ளைகள் முன்னிலையில், மனம் இருந்தால் கால் வரும் என்று கூறினோம். அவன் தலை குனிந்து நின்றான்.

அடுத்த ஆண்டு ஊர் இடம்பெயர்ந்தது, வகுப்பு சிதறியது. அவன் இன்று எந்நாட்டில் இருக்கின்றான் என்பது எமக்குத் தெரியாது. இப்பத்திரிகை பல வீடுகளுக்குச் செல்கின்றது. அந்த மைதானத்தில் அன்று நின்ற எவரேனும் இதனை வாசித்தால், பிழை அவனுடைய கால்களில் இல்லை, எம்மிடமே இருந்தது என்பதை அவனுக்குச் சொல்லும்படி கேட்டுக்கொள்கின்றோம்.

வீட்டாரின் பங்கு

பயிற்சி நூல்களை எழுதுவோர், ஓட்டத்தைக் குறைத்தால் ஓய்வு தானாகக் கிடைக்கும் என்று கருதி எழுதுகின்றனர். நாற்காலியில் அமர்ந்து வேலை செய்வோருக்கு அது பொருந்தலாம். முதியோர் இல்லத்தில் எட்டு மணி நேரம் நின்றும், நோயாளரைத் தூக்கியும், மாடிப்படிகளைத் துடைத்தும் உழைப்பவருக்கு ஓட்டம் குறைவதனால் மட்டும் உடல் ஓய்வதில்லை. மிஞ்சிய நேரத்தை வீடு பறித்துக்கொள்ளும். "இண்டைக்கு ஓடப் போகேல்லைத்தானே" என்ற சொல்லோடு ஒரு வேலை வந்து சேரும். அவ்வேலையைத் தருபவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். ஓட்டமே பொழுதுபோக்கு, அது இல்லாத நேரம் வெறும் நேரம் என்று எண்ணுபவர்கள்.

எம் தலைமுறையிடம் ஓய்வு குறித்து ஓர் அச்சமும் உண்டு. ஊருக்குப் பணம் அனுப்பவும், கடன் அடைக்கவும், உறவினரை அழைப்பிக்கவும் இரண்டு வேலை மூன்று வேலை என்று செய்தோம். இருந்து இளைப்பாறியவரைச் சோம்பேறி என்றோம். அந்தப் பழக்கம் பிள்ளைகளுக்கும் தொற்றியிருக்கின்றது. ஆகையினால் கொப்பியில் "இன்னும் போதாது" என்று எழுதிய கை அச்சகோதரியுடையது மட்டும் என்று நாம் எண்ணவில்லை.

இந்த மூன்று வாரங்களில் வீட்டார் எதிர்பார்க்க வேண்டிய சில உண்டு. ஓடுபவர் எரிந்து விழுவார். உறக்கம் குழம்பும். இதுவரை இல்லாத நோவெல்லாம் வரும்; காலையில் முழங்கால், மாலையில் குதிக்கால். தொண்டை கரகரப்பதாகக் கூறுவார். ஓடிப் பழகிய உடல் ஓடாதிருக்கும்போது இவ்வாறு முறையிடுவது இயல்பு. பெரும்பாலானவை போட்டித் தொடக்கத்தில் மறைந்துவிடும். வீங்கினாலோ, நடக்கும்போதும் வலித்தாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டும். மற்றவற்றிற்கு ஒரு கோப்பைத் தேநீரும் சிறிது பொறுமையும் போதும். இரவில் ஒரு மணி நேரம் முன்கூட்டியே உறங்கச் செய்யுங்கள். போட்டிக்கு முதல் நாள் இரவு உறக்கம் வராவிட்டாலும் கவலையில்லை. அதற்கு முந்திய இரவுகளே முக்கியம்.

விரதம் பற்றியும் கேட்கின்றார்கள். ஆவணி ஞாயிறு விரதம் இந்த வாரங்களிலேயே வருகின்றது. புரட்டாசிச் சனியும் தொலைவில் இல்லை. விரதத்தை விடும்படி கூறுவதற்கு நாம் யார்? ஞாயிறு விரதம் இருப்பவர் நீண்ட ஓட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம். போட்டிக்கு முந்திய ஒரு வாரத்தில் மட்டும் விரதம் வேண்டாம் என்று வயதில் மூத்த தாயார் ஒருவரிடம் தயங்கித் தயங்கிக் கூறினோம். "சூரியனுக்கு ஓடுறதெண்டால் தெரியாதே, தம்பி? அவர் ஒரு நாளும் நிக்கிறேல்லைத்தானே" என்று சிரித்தார். அவர் அனுமதித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டோம்.

எமது சகோதரி இவ்வாண்டும் பெயர் பதிவு செய்திருக்கின்றார். இம்முறை அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கின்றது. எழுதியவர் மூத்த மகள். சமையல் தகப்பனுக்கு, உடுப்புத் தோய்ப்பது மகனுக்கு, சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலைக்குச் சின்னவளைக் கூட்டிச்செல்வது மகளுக்கு. மேலதிக வேலைக்கு அழைப்பு வந்தால் தொலைபேசியை எடுப்பது தகப்பன். போட்டிக்கு முந்திய சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழா. அதற்குச் செல்வர், ஆனால் சமையலறைக்குள் அம்மா நுழையக் கூடாது என்று மகள் சிவப்பு மையினால் எழுதியிருக்கின்றாள்.

கடந்த ஞாயிறு அவர் 20 கிலோமீற்றர் ஓடி முடித்துவிட்டார். வரும் ஞாயிறு 12. ஆல்னா ஆற்றோரமாக இறங்கி, அதே வழியால் திரும்பி வருவதாகத் திட்டம். 12க்கு மேல் ஓடாமல் பார்த்துக்கொள்வதற்கு மகன் சைக்கிளில் உடன் செல்கின்றான். சைக்கிளில் பின்தொடர்வோர் பற்றி எமக்குள்ள மனக்குறையை அவனிடம் கூறவில்லை. தண்ணீர்ப் போத்தலை மறவாமல் எடுத்துச் செல்லும்படி மட்டும் கூறினோம்.